ஷீட்டில் இல்லாத புள்ளி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் குலசேகரத்துக்கு ரப்பர் ஷீட் விற்க வந்தவர்கள் பயந்தது மழைக்கும் ரசலையனின் கண்ணுக்கும்தான். மழை வந்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நிற்கும், ஷீட் காயாது. ரசலையன் கண் வைத்தால் காய்ந்த ஷீட்டும் கீழே போகும்.

கன்னியாகுமரி ஜில்லா என்ற பெயரே இல்லாத காலம் அது. சந்தை முக்கிலிருந்து திற்பரப்புக்குப் போகும் ரோட்டில் வைகுண்டராஜனின் ரப்பர் கடை இருந்தது. முன்னால் தராசு, பின்னால் கிடங்கு. கிடங்கின் வடக்குச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு சன்னல். அதில் வெயில் நேராக அடிக்காது. காலை முதல் சாயந்திரம் வரை ஒரே மாதிரி வெளிச்சம். அந்தச் சன்னலுக்கு முன்னால் ரசலையன் நிற்பார். விவசாயி தலையில் சுமந்து கொண்டுவந்த கட்டை அவிழ்த்து, ஷீட்டை ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். ரப்பர்ப்பாலை ஒழுங்காக அரித்து, உறையவைத்து, புகை மூட்டும் கொட்டகையான புகைப்புரையில் காய்ந்த ஷீட் தேன் நிறத்தில் பளபளக்கும். அதில் ஒரு காற்றுக்குமிழ், ஒரு மரத்தூள், பூசணத்தின் ஒரு பொட்டு கிடந்தால் தப்ப முடியாது. ஒண்ணாம் தரம் வலது பக்கம் பறக்கும். ரெண்டாம் தரம் இடது பக்கம். அதற்கும் கீழே என்றால் காலடியில் விழும். வாயைத் திறக்கவே மாட்டார். ஒரு மணி நேரத்தில் முந்நூறு ஷீட் பார்த்து முடிக்கிற கை அது.

அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. அப்பன் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். மழைக்காலத்தில் வீட்டில் அடுப்பு எரியாது. பதினொரு வயதில் பால் பிடிக்கும் சிரட்டை கழுவப் போனார். பதினைந்தில் பால்வெட்டுக் கத்தி பிடித்தார். இருபதில் புகைப்புரைக்குத் தீ போட்டார். யாரும் கையைப் பிடித்து ஏற்றிவிடவில்லை. இதை அவரே வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்கொள்வார்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச நாலு கிளார்க்குமாரு இந்தக் கிடங்குக்கு வந்தானுவ. நாலு பேரும் ஷீட்டப் பாக்காம ஷீட்டுக்க எடையப் பாத்தானுவ. நான் எடையப் பாக்கதில்ல. அதுக்குள்ள இருக்கியதப் பாக்கியவனாக்கும்."

தோட்டத்துக்கும் கடைக்கும் நடுவே இரண்டு வருஷம் அஸ்ஸாமில் கழிந்தது. யுத்த காலத்தில் ரோடு போட ஆள் எடுத்தார்கள். குலசேகரத்திலிருந்து பதினோரு பேர் ஒன்றாக ரயில் ஏறினார்கள். ரசலையன்தான் அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி. மழை, அட்டை, சேறு, குளிர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நாற்பத்தியாறு தொடக்கத்தில் ஒரு பட்டாளத்துக் கம்பளிக் கோட்டோடு ஊர் திரும்பினார். பங்குனி வெயிலிலும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு சந்தைக்குள் நடந்தார். அடுத்த வருஷம் தையில் ஞானசெல்வியைக் கட்டினார். கோயிலில் தாலி கட்டும்போதும் கோட்டைக் கழற்றவில்லை என்று ஊரே சிரித்தது.

ஞானசெல்வி அதிகம் பேசாதவள். ஆனால் பேசினால் அவள் பேச்சுக்கு மறுபேச்சு வராது. அவளுக்கு முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் செத்துப் பிறந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. மூன்றாவதாக ஒன்று தங்கவேயில்லை. "அவளுக்க வயிறு பிள்ள தாங்காத வயிறு" என்று கிணற்றடியில் சொன்னார்கள். கோயில் வாசலில் சொன்னார்கள். ரசலையன் காதுபடவே சொன்னார்கள். அவர் அப்படிச் சொன்னதில்லை. சொல்லாதே என்று யாரையும் தடுத்ததுமில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் அவருடைய இடது கண் சிவந்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் கூசியது. ரப்பர் வேலைக்காரனுக்குக் கண் சிவப்பது ஒரு விசேஷமா? புகைப்புரையில் நுழைந்து வருகிற எல்லாருக்கும் சிவக்கும். குலசேகரத்தில் எந்தக் கண்நோய்க்கும் ஒரே பெயர்தான், புகை. ரசலையனும் புகை என்றார். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு விட்டார். பிள்ளை பெற்ற அயல்வீட்டுக்காரியிடம் ஞானசெல்வி சங்கில் பால் வாங்கி வந்தாள். அதையும் விட்டார்கள். சிவப்பு கொஞ்சம் குறைந்தது. கூச்சம் குறையவில்லை.

பிறகு புள்ளிகள் வந்தன.

தேன் நிறத்து ஷீட்டில் கறுப்பாக இரண்டு, மூன்று. சில நாள் கொசுக் கூட்டம்போல. ரசலையன் யோசிக்கவில்லை. புள்ளி இருந்தால் ரெண்டாம் தரம். இருபத்தைந்து வருஷம் ரப்பரோடு கிடந்தவன் பார்த்ததற்கு மேல் பேச்சு என்ன? இடது பக்கக் குவியல் ஏறியது. வலது பக்கக் குவியல் சுருங்கியது. கீரிப்பாறையிலிருந்தும் பேச்சிப்பாறையிலிருந்தும் வருகிறவர்கள் முனகினார்கள். முனக முனக ரசலையனின் பேர் வளர்ந்தது.

"கண்ணா அது? ஊசிக்காதுக்குள்ள ஆனையப் பாக்கிய கண்ணு" என்றார்கள்.

வைகுண்டராஜனுக்கு ஏக சந்தோஷம். கோட்டயத்துக் கம்பெனிக்காரர்கள் குலசேகரத்து ஒண்ணாம் தரத்தைக் கட்டு அவிழ்க்காமலே எடுத்துக்கொண்டார்கள். "ரசலையா, உனக்க கண்ண வித்தா எனக்குத் தா" என்று தோளைத் தட்டினார். ரசலையன் அந்த மாதம் சந்தையில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். ராஜா நடை. நாற்பது வயதுக்குள் ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? அவருக்கு இருந்த ஒரே சொத்து அந்தக் கண்தான். நிலமில்லை, படிப்பில்லை, பிள்ளையில்லை. கண் இருந்தது. அதைத்தான் அந்தப் புள்ளிகள் தின்றுகொண்டிருந்தன. அவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

பொன்மனைக்காரி செல்லத்தாய் தெரியவைத்தாள்.

செல்லத்தாய் ஐம்பது வயது விதவை. ஒன்றரை ஏக்கர் ரப்பர். விடியுமுன்னே அவளே வெட்டுவாள், அவளே பால் எடுப்பாள், அவளே மெஷினில் அடிப்பாள். அவள் ஷீட் கிடங்குக்குள் வந்தால் ரசலையனே சன்னலுக்கு நேரே ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துப் பார்த்து ரசிப்பார். ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, சந்தை நாள். அவள் கொண்டுவந்த நாற்பது ஷீட்டில் முப்பத்தாறு இடது பக்கம் பறந்தது.

செல்லத்தாய் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"ஓய் ரசலையா. எனக்க ஷீட்டிலயா புள்ளி? மூணு தடவ அரிச்ச பாலாக்கும் அது. எனக்க கெட்டியவனுக்குக் கூட நான் மூணு தடவ அரிச்ச காப்பி குடுத்ததில்ல."

கிடங்கில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"புள்ளி இருக்கு. அதுகொண்டுதான் எறிஞ்சேன்" என்றார் ரசலையன்.

"எங்க இருக்கு? வெரல வச்சுக் காட்டும்."

"இன்னா. வலத்த பக்கம் மேல."

விரலை வைத்தார். விரல் போன இடத்தில் புள்ளி இல்லை. கொஞ்சம் தள்ளி இருந்தது. மறுபடியும் வைத்தார். மறுபடியும் தள்ளிப் போனது. செல்லத்தாய் ஷீட்டை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"நீரு அப்பிடியே நில்லும். கண்ண உருட்டாதீரும்." ஷீட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். "இப்பம் எங்க?"

"வலத்த பக்கம் மேல."

"நான் ஷீட்டத் திருப்பிட்டேன் ஓய். அது இப்பம் இடத்த பக்கம் கீழல்லா கெடக்கணும்?"

யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்தினார்கள். செல்லத்தாய் ஷீட்டை மெல்லக் கீழே இறக்கினாள். வெறும் சன்னல். வெறும் வானம்.

"இப்பம்?"

வானத்திலும் புள்ளிகள் இருந்தன. அவர் பார்க்கப் பார்க்க அவை மெதுவாகக் கீழே மிதந்து இறங்கின.

ரசலையனின் முகத்தைப் பார்த்ததும் செல்லத்தாயின் குரல் இறங்கிவிட்டது. கிட்டே வந்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "ஷீட்டில இல்ல மக்கா. உனக்க கண்ணிலயாக்கும்."

அப்போதாவது அவர் ஒப்புக்கொண்டிருக்கலாம். ஒப்புக்கொள்ளவில்லை. "இண்ணைக்கு மேகம் போட்டிருக்கு. வெளிச்சம் கொள்ளாது" என்று சன்னலைச் சாத்திவிட்டார். எல்லாரும் போன பிறகு, சன்னலைத் திறந்து ஒரு கையால் வலது கண்ணை மூடினார். எதிரே நின்ற அயனிமரம் சாம்பல் தண்ணீருக்குள் கிடப்பதுபோலத் தெரிந்தது. கிளை எது, இலை எது என்று பிரிக்க முடியவில்லை. இடது கண்ணை மூடினார். அயனிமரம் ஒழுங்காக நின்றது.

அதன் பிறகு இரண்டு மாதம் அவர் ஒற்றைக்கண்ணால் தரம் பார்த்தார். தலையைச் சாய்த்து, இடது இமையை இறுக்கி, வலது கண்ணால் மட்டும். புது ஸ்டைல் என்று சிலர் நினைத்தார்கள். கேட்டவர்களிடம், "ஒரு கண்ணே போரும்லே, ரெண்டையும் தொறந்தா உனக்க கோவணத்துல உள்ள பொத்தலும் தெரியும்" என்றார். வீட்டில் விளக்கேற்றிய பிறகு வாசற்படி தெரியாமல் தடுக்கினார். ஞானசெல்வி பார்த்தாள். படிமேல் வெள்ளைச் சுண்ணாம்பு தடவி வைத்தாள்.

ஆவணியில் வலது கண்ணும் சிவந்தது.

அந்த மாதம் கோட்டயத்திலிருந்து ஒரு லாரி சரக்கு திரும்பி வந்தது. ஒண்ணாம் தரம் என்று ரசலையன் அனுப்பிய கட்டுக்குள் பூசணம் பிடித்த ஷீட்டுகள். வைகுண்டராஜன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ரசலையன் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். முதலாளி ஒரு ஷீட்டை எடுத்துச் சன்னலுக்கு நேரே பிடித்தார்.

"இதில என்ன தெரியுது ரசலையா?"

ரசலையன் வெகுநேரம் பார்த்தார்.

"ஷீட்டு தெரியுது."

"பூசணம் தெரியல்லியா?"

வைகுண்டராஜன் ஷீட்டைக் கீழே வைத்துவிட்டு, "போய் ஆஸ்பத்திரியில காட்டிட்டு வா. இந்தச் சன்னல்ல வேற ஆள நிறுத்த மாட்டேன். ஆனா கண்ணு இல்லாத உன்னையும் நிறுத்த முடியாது" என்றார்.

மறுநாள் காலையில் ரசலையன் முதல் பஸ்ஸில் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் ஜெயசிங் மார்த்தாண்டத்துக்காரர், இளவயது. ஒரு இருட்டறையில் உட்காரவைத்து, கையடக்கமான விளக்குக் கருவியைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்து உள்ளே பார்த்தார். அவருடைய மூச்சு ரசலையன் கன்னத்தில் பட்டது. வெகுநேரம் பார்த்தார். பிறகு சன்னலைத் திறந்தார்.

"இது புகையில்ல."

"ரப்பர்க்காரனுக்குப் புகையில்லாம பின்ன என்ன டாக்டரே?"

"கண்ணுக்குள்ள பின்பக்கம் வீங்கி இருக்கு. அதுல இருந்து உதிர்ந்த தூசிதான் புள்ளியாட்டு மெதக்குது. புகை கண்ணுக்கு வெளியில தான் பிடிக்கும், உள்ளுக்குப் போவாது." பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே கேட்டார்: "முன்ன எப்பமாவது அடிமேலுல, இடுப்புக்குக் கீழ, புண்ணு வந்ததுண்டா? வலிக்காத புண்ணு. தானாட்டு ஆறிப் போன புண்ணு?"

"இல்ல."

"நல்லா ஓர்மிச்சுப் பாரும்."

"இல்லண்ணு சொன்னேன்லா?"

டாக்டர் மறுபடி கேட்கவில்லை. கையில் ரத்தம் எடுத்தார். அதைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பவேண்டும், பத்து நாள் ஆகும் என்றார். கண்மணியை விரியவைக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் ரசலையனுக்கு எல்லாம் ஓர்மை வந்தது. ஓர்மை வராமல் இருந்தால்தானே? அஸ்ஸாமில் ரயில்வே ஸ்டேஷனை ஒட்டி, காசு வாங்கும் பெண்கள் இருந்த ஒரு தகரக் கொட்டகை. ஊர் திரும்புவதற்குச் சில மாதம் முன், ஒரு சம்பள நாள். அடுத்த மாதம் ஒரு புண். வலியில்லை, அரிப்பில்லை. பதினோரு பேரிலும் நாலைந்து பேருக்கு வந்தது. "அட்டைக்கடி" என்று மேஸ்திரி தீர்ப்புச் சொன்னார். அட்டை அங்கே எல்லா இடத்திலும்தானே கடித்தது! மேஸ்திரி சொன்னால் மற்றவர்களுக்கும் அட்டைதான். ஒரு மாதத்தில் தழும்பும் இல்லாமல் ஆறியது. பிறகு உடம்பெங்கும் செம்பொட்டாக ஒரு தடிப்பு வந்தது. உள்ளங்கையிலும் வந்தது. அதுவும் போனது. ஏழு வருஷம் அவர் அதை அட்டைக்கடி என்றே நம்பினார். நம்ப வேண்டும் என்று நினைத்ததால் நம்பினார்.

பத்தாம் நாள் டாக்டர் ஜெயசிங் கையில் ஒரு காகிதம் இருந்தது. ரசலையனுக்கு அதைப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

"பறங்கிப்புண்ணு. கண்ட பெண்ணுகிட்டப் போனா ஒட்டுற நோய்" என்றார் டாக்டர்.

"அது அட்டக்கடி டாக்டரே" என்றார் ரசலையன். சொன்ன பிறகுதான், புண்ணே வரவில்லை என்று பத்து நாளைக்கு முன் சொன்னது நினைவு வந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "புண்ணு ஆறினதுனால நோய் போயிட்டுண்ணு எல்லாரும் நெனப்பானுவ. புண்ணுதான் ஆறும். நோய் ரத்தத்துல ஒளிஞ்சு கெடக்கும். ரெண்டு வருசமோ இருபது வருசமோ. சிலருக்கு மூளைக்குப் போவும். சிலருக்கு நெஞ்சுக்குப் போவும். உமக்குக் கண்ணுக்கு வந்திருக்கு. கண்ணு சிவக்கியது, வெளிச்சம் கூசுறது, புள்ளி மெதக்கியது, எல்லாம் அதுதான். விட்டா ரெண்டு கண்ணும் போவும்."

"மருந்து?"

"இருக்கு. பென்சிலின். இங்க தங்கி ஊசி போடணும். வலத்த கண்ணு இப்பம்தான் தொடங்கியிருக்கு, அது திரும்பி வரும்ணு நெனைக்கேன். இடத்த கண்ணுல நரம்பு கொஞ்சம் செத்தாச்சு. செத்தது வராது."

ரசலையன் மூச்சு விட்டார். எழுந்தார்.

"இரும். நான் முடிக்கல்ல" என்றார் டாக்டர். "உமக்க வீட்டுக்காரிக்கு எத்தன பிள்ள?"

அந்தக் கேள்விக்குத்தான் ரசலையன் உட்கார்ந்தார்.

அன்று சாயந்திரம் ஞானசெல்வி முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். ரசலையன் எதிரே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு அத்தனையும் மறந்தது. பழக்கத்தில் பெருமைதான் முதலில் வந்தது.

"ஏட்டி, இந்தத் தாலூக்காவுல ஒருத்தனுக்கும் போடாத ஊசியாக்கும் எனக்குப் போடப் போறாவ. பென்சிலின். யுத்தத்துல வெள்ளக்காரப் பட்டாளத்துக்குப் போட்டது."

"எதுக்கு?"

அவர் சொன்னார். அஸ்ஸாமைச் சொன்னார். தகரக் கொட்டகையைச் சொன்னார். அட்டையைச் சொன்னார். கத்தி நின்று நின்று ஓடியது. டாக்டர் அவளையும் வரச் சொன்னார் என்று சொல்லும்போது கத்தி நின்றேவிட்டது.

"எனக்கு எதுக்கு?"

"எனக்க ரத்தத்துல உள்ளது உனக்கும் வந்திருக்கும்ணு சொன்னாரு."

ஞானசெல்வி கையிலிருந்த கிழங்கைப் பார்த்தாள். "அப்பம் மூத்தது செத்துப் பொறந்தது?"

"அதும் இதாலதான் இருக்கும்ணாரு."

"அடுத்தது?"

ரசலையன் தலையாட்டினார்.

கோழி ஒன்று வந்து தோலைக் கொத்தியது. அவள் விரட்டவில்லை.

"அஞ்சு வருசமாட்டு" என்றாள், "ஊருக்க எல்லாரும் எனக்க வயித்தயாக்கும் சொன்னது. மலடிண்ணாவ. சாவு வயிறுண்ணாவ. எனக்க அம்மகூடச் சொன்னா. நீங்க கேட்டுட்டு நிண்ணீங்க."

"எனக்குத் தெரியாதுல்லாட்டி."

"தெரியாதுண்ணு இருக்கட்டும். வாயத் தொறந்து ஒருத்தனயும் தடுக்கலயே. ஷீட்டில ஒரு பொட்டுப் பூசணத்துக்கு எத்தன பேருகிட்ட வாயடிப்பீங்க?"

ஞானசெல்வி கிழங்கைப் பானைக்குள் போட்டாள், எழுந்தாள், உலை வைத்தாள். சோறும் கிழங்கும் ஆன பிறகு, தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்:

"ஊசிக்கு நான் வாறேன். உங்க கண்ணு போவப்பிடாது. ஆனா ஒரு காரியம். எனக்க வயித்துல கொறையில்லண்ணு நீங்க சொல்லணும். வீட்டுக்குள்ள எனக்கிட்ட இல்ல. யார் யாரு சொன்னாவளோ, அவியளுக்குக் கேக்கியது மாதிரி."

"ஊரு முன்னயா?"

"ஊரு முன்னதானே என்னயச் சொன்னது?"

ரசலையன் அன்றிரவு சாப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. சாப்பிட்டார். ஆனால் என்ன சாப்பிட்டார் என்று தெரியாது.

இருவரும் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தார்கள், அவர் ஆண்கள் வார்டில், அவள் பெண்கள் வார்டில். ஞானசெல்வியின் ரத்தத்திலும் நோய் இருந்தது. தினமும் ஊசி. கெட்டியான வெள்ளை மருந்து, தடித்த ஊசி. ரசலையன் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொண்ணு போடுங்க சிஸ்டரே, இது உறைக்கல்ல" என்பார். சாயந்திரம் வேப்பமரத்தடியில் இருவரும் உட்காருவார்கள். ஞானசெல்வி வீட்டிலிருந்து கொண்டுவந்த வறுத்த முந்திரிக்கொட்டையைப் பிரித்துக் கொடுப்பாள். அதிகம் பேச்சில்லை. ஆனாலும் கட்டிய நாளிலிருந்து அவர்கள் அவ்வளவு நேரம் ஒன்றாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிற்காலத்தில் ரசலையன் அந்த வேப்பமரத்தைப் பற்றிப் பேசாத நாள் குறைவு. ஊசியைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும் அதைப் பற்றி அதிகம் பேசுவார்.

ஏழாம் நாள் வலது கண்ணில் கூச்சம் போனது. பன்னிரண்டாம் நாள் வேப்பிலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. இடது கண் சாம்பல் தண்ணீரைவிட்டு வெளியே வரவில்லை.

"ஒண்ணு மிச்சம்" என்றார் டாக்டர் ஜெயசிங். "ரெண்டு மாசத்துக்கு ஒருக்க வந்து காட்டணும். ரத்தமும் மறுபடி எடுக்கணும்."

ஐப்பசி முதல் வியாழக்கிழமை ரசலையன் மறுபடி வடக்குச் சன்னலுக்கு முன்னால் நின்றார். சந்தை நாள். கண் திரும்பி வந்ததா என்று பார்க்க, விற்க ஷீட் இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். கிடங்கு வாசல்வரை ஆள். அவர் செல்லத்தாயை முன்னால் வரச்சொன்னார். அவள் கட்டை அவிழ்த்தாள். அவர் வலது கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பத்தொன்பது வலது பக்கம் போனது. கடைசி ஷீட்டை மட்டும் திருப்பிப் பார்த்து, "இதுல ஒரு ஓரத்துல ரெண்டு குமிழ் இருக்கு" என்றார்.

செல்லத்தாய் எட்டிப் பார்த்தாள். "இருக்கு. உள்ளதுதான்." சிரித்தாள். "கண்ணு வந்துட்டு ஓய் உமக்கு."

"வந்துட்டு" என்றார் ரசலையன். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வாசலுக்கு வெளியே, புளியமரத்தடியில், ஞானசெல்வி சந்தைக்கூடையோடு நின்றாள். அவர் வலது கண்ணுக்கு அவள் நன்றாகவே தெரிந்தாள்.

ரசலையன் ஷீட்டைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் கேளுங்கலே. சித்திரை தொட்டு ஆனி வர நான் ரெண்டாம் தரம்ணு எறிஞ்ச ஷீட்டு முக்காலும் ஒண்ணாம் தரமாக்கும். அது மொதலாளிகிட்ட சொல்லியாச்சு, அவரு பாத்துக்கிடுவாரு. எனக்க கண்ணுல வந்தது புகையில்ல. திருவிதாங்கூர் முழுக்கத் தேடினாலும் பதினெட்டு நாளும் தடிச்ச ஊசிய வாங்கி ஒரு சத்தம் போடாத குண்டி எனக்குள்ளதுதான்."

சிரிப்பு எழுந்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"அது பறங்கிப்புண்ணு. அஸ்ஸாமுல நான் விலகுடுத்து வாங்கினது. அட்டக்கடிண்ணு சொல்லிட்டு நடந்தேன். அத எனக்க ஞானசெல்விக்குக் கொண்டாந்து குடுத்ததும் நான்தான். எனக்க பிள்ளையள் செத்தது அவளுக்க வயித்துக் கொறையில்ல. எனக்க ரத்தத்துக்க கொறையாக்கும். இனி எவளாவது எவனாவது அவள மலடிண்ணு சொன்னா, வந்து எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லட்டும்."

தராசுத் தட்டு தானாக ஆடி நின்றது. வைகுண்டராஜன் நெற்றியைத் துடைத்தார். செல்லத்தாய் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஞானசெல்வி கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு, நேராக, யாரையும் பார்க்காமல் காய்கறி வரிசைக்குள் நடந்து போனாள். போகிறவளின் நடையை ரசலையன் பார்த்தார்.

ஒன்று இன்னும் பாக்கி இருந்தது. கூட்டத்தின் கடைசியில் தலைகுனிந்து நின்ற நாலைந்து பேரை அவர் வலது கண் பொறுக்கி எடுத்தது.

"எனக்ககூட ரயில் ஏறின பத்து பேருலே! அட்டக்கடிண்ணு உங்களுக்குச் சொன்ன மேஸ்திரி நான்தான். நான் சொன்னது தப்பு. போய் ரத்தம் குடுங்க. கண்ணுல புள்ளி வந்தபிறகு போவாதீங்கலே, வாறதுக்கு முன்ன போங்க. பெண்டாட்டிமாரையும் கூட்டிட்டுப் போங்க."

ஒருவன் காறித் துப்பிவிட்டு வெளியே போனான். மற்றவர்கள் ஷீட் கட்டுகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தார்கள். ரசலையன் அடுத்த கட்டை அவிழ்த்தார்.

இரண்டு மாதம் கழித்து, சொன்னபடி கண் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சி. அதில் மூன்று பேர், ஒருவனுக்கொருவன் முழ இடைவெளி விட்டு, மூவரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் குலசேகரத்துக்காரர்கள். மூவரும் அஸ்ஸாமில் அவரோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள். ஒருவனின் மனைவி தலையில் முக்காட்டோடு சுவரோரமாக நின்றாள். காறித் துப்பிவிட்டுப் போனவனும் அந்த மூவரில் இருந்தான்.

ரசலையன் அவர்களுக்கு நடுவே இடம் பார்த்து உட்கார்ந்தார்.

"என்னலே, இந்தப் பக்கம்?"

"சளி" என்றான் முதல் ஆள், சுவரைப் பார்த்துக்கொண்டே.

"எனக்கும்" என்றான் அடுத்தவன்.

மூன்றாமவன் கொஞ்சம் யோசித்தான். "வயித்துவலி" என்றான்.

"நல்லது" என்றார் ரசலையன். "சளிக்கும் வயித்துவலிக்கும் அந்த ஊசி இடுப்பிலதான் போடுவாவ. மொத நாளு கொஞ்சம் உறைக்கும். கையக் கெட்டியாட்டுப் பிடிச்சுக்கிடுங்க, சத்தம் போடாதீங்க. குலசேகரத்துக்காரனுக்கு ஒரு மானம் இருக்குல்லா."

முக்காட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண் சிரித்துவிட்டாள். முதல் ஆள் திரும்பிப் பார்த்தான். பிறகு மற்ற இருவரும் திரும்பினார்கள். பெஞ்சியில் முழ இடைவெளிகள் குறைந்தன. உள்ளேயிருந்து டாக்டர் ஜெயசிங் முதல் பேரைக் கூப்பிட்டார்.